மாமையும் சிவப்பழகும்

சங்கச் செய்யுட்களில் தலைவியின் மேனி நிறத்தைக் குறிக்கும் சொற்களுள் மாமை தலையாயது. 'மா' என்பது கருமையையும் குறிக்கும் சொல். மாமையை மாந்தளிர் நிறம் என விளக்குவாரும் உளர். குறுந்தொகையின் 9, 132 ஆம் செய்யுட்கள் தலைவியை 'மாயோள்' என்றே சுட்டுகின்றன. பொன்னிற மேனியும் அக்காலத்துப் பாடப்பட்டதாகலின், கருநிறமே அழகெனப் பண்டையோர் கொண்டனர் எனல் மிகைபடக் கூறலாம். ஆயினும் மாமை குறையென எண்ணப்படவில்லை என்று துணிந்து கூறுவோம்.

மாமையைக் கெடுப்பது பசலை. பிரிவால் மேனி மஞ்சள் பாய்தலே அது. கோக்குள முற்றனார் பாடிய தலைவி (குறுந். 98), தன் நிலையைத் தலைவனுக்கு உணர்த்துவார், படப்பையிற் பூத்த பீர்க்கம்பூச் சிலவற்றைக் கொண்டு சென்று கூறின் நன்று என்கின்றாள். வெள்ளிவீதியாரின் தலைவியோ (குறுந். 27), தன் மாமை தனக்கும் ஆகாது, தலைவனுக்கும் உதவாது, பசலைக்கு இரையாகின்றதே என இரங்குகின்றாள். ஈண்டு நிறம் அவளுடைய உடைமை. அது மாறுதல் உள்ளத்து நிகழ்ந்ததன் விளைவேயன்றி, வாழ்வை ஆக்கும் காரணம் அன்று.

இக்காரண காரிய முறை விளம்பரத்தில் தலைகீழாயிற்று. 1975 இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பை வெளியிட்டது. அடுத்த ஆண்டே தூர்தர்ஷன் வணிக விளம்பரங்களை ஏற்கத் தொடங்கிற்று. ஒரே பெண்ணின் முகம் படிப்படியாக வெளுத்து வரும் படவரிசை பின்னர் இல்லந்தோறும் புகுந்தது. முகம் வெளுத்தால் வேலையும் மணமும் தாமே வரும் என்பது கதை. மகன் இல்லையே எனத் தந்தை வருந்த, மகள் களிம்பு பூசி விமானப் பணிப்பெண் ஆவதாக ஒரு விளம்பரம் இருந்தது. அனைத்திந்திய சனநாயக மாதர் சங்கத்தின் எதிர்ப்புக்குப் பின் 2003 இல் அது நிறுத்தப்பட்டது.

நிறம் பற்றிய ஏற்றத்தாழ்வை விளம்பரமே படைத்தது என்று நாம் கூறோம். மணச்சந்தையில் அது முன்னரே இருந்தது. விளம்பரம் அதற்கோர் அளவுகோலை அமைத்துத் தந்தது. படவரிசையைக் காணும் பெண் தன் முகத்தை அதன் முதற்படத்தோடு ஒப்பிடுகின்றாள். தன் இயல்பாக இதுகாறும் அவள் கருதியிருந்த நிறம் அப்பொழுதே கடந்துபோக வேண்டிய தொடக்கநிலை ஆகின்றது. முகம் மாறவில்லை, அதனை அவள் காணும் இடம் மாறிவிட்டது.

2009 இல் சென்னையைச் சார்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. கருநிறத்தாரை மணத்திலும் வேலையிலும் தாழ்ந்தோராகக் காட்டலாகாது என 2014 இல் இந்திய விளம்பரத் தர மன்றம் நெறி வகுத்தது. 2020 இல் களிம்பின் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று.

சொல்லின் நிலையையும் நோக்குதல் வேண்டும். தமிழ் விளம்பரங்கள் கையாண்ட 'சிவப்பழகு' என்னும் தொடர், வெளிறிய நிறத்தைச் சிவப்பு எனும் பேச்சுவழக்கைத் தழுவியது. மாமையோடு உறவுடைய 'மாநிறம்' என்பதோ, 'மணமகள் தேவை' பத்திகளில் சிவப்பிற்கு ஒருபடி கீழாக வைக்கப்பட்டது. வெள்ளிவீதியாரின் தலைவி தனதென்று கூறிய நிறத்தை, அப்பத்திகளில் வயது, கல்வி, வருமானம் ஆகியவற்றோடு சேர்த்துப் பெற்றோர் அறிவித்தனர்.