மயில் அறையின் விலை: ஒரு வடிவமைப்புக் கட்டணத் தகராறின் வரலாறு

மயில் அறை என்பது 1876, 1877 ஆம் ஆண்டுகளில் இலண்டனில் ஒரு கப்பல் முதலாளியின் வீட்டில் உருவான உணவு அறை ஆகும். ஓவியர் ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் அதற்கு நீலமும் பொன்னும் பூசி, மயில்களைத் தீட்டினார். இன்று அந்த அறை முழுவதும் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஃபிரீயர் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளது. கலை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அதன் அழகையே பேசுகின்றன. தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர்களுக்கோ அதில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. கட்டணம் பேசாமல் தொடங்கிய ஒரு வேலை, பல ஆண்டு நட்பை எவ்வாறு முறித்தது என்பதே அந்த வரலாறு.

வீடும் உரிமையாளரும்

ஃபிரெடெரிக் லேலண்ட் (1831–1892) லிவர்பூல் நகரைச் சேர்ந்தவர். கப்பல் நிறுவனம் ஒன்றில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்து, பின்னர் சொந்தமாகக் கப்பல்களை நடத்தும் முதலாளியாக உயர்ந்தவர். ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதியை ஓவியங்களுக்கும் சீனப் பீங்கான்களுக்கும் செலவிட்டார். அமெரிக்காவில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த விஸ்லருக்கு (1834–1903) அவர் பல ஆண்டுகள் ஆதரவளித்து வந்தார்.

இலண்டனில் 49, பிரின்சஸ் கேட் என்னும் முகவரியில் இருந்த தம் வீட்டை லேலண்ட் புதுப்பித்தார். அதன் உணவு அறையை வடிவமைக்கும் பொறுப்பு தாமஸ் ஜெக்கில் என்னும் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. நீல வெள்ளைப் பீங்கான்களை அடுக்குவதற்காக அவர் வாதுமை மரத்தில் சட்ட அடுக்குகளைச் செய்தார். சுவர்களில் விலையுயர்ந்த பழைய பொன்பூச்சுத் தோலைப் பதித்தார். கணப்பு அடுப்புக்கு மேலே விஸ்லர் முன்பு வரைந்த, கீழைநாட்டு உடையணிந்த பெண்ணின் ஓவியம் மாட்டப்பட்டது. வேலை முடியும் தறுவாயில் ஜெக்கில் நோயுற்றார். அவர் மீளவேயில்லை. 1881 இல் இறந்தார்.

சிறு திருத்தம் பெருவேலையான விதம்

1876 இல் லேலண்ட் கேட்டது சிறிய உதவிதான். கதவுகளுக்கும் சன்னல் பலகைகளுக்கும் என்ன நிறம் பூசலாம் என்று விஸ்லரிடம் கருத்துக் கேட்டார். சுவர்த் தோலில் இருந்த சிவப்புப் பூக்கள் தம் ஓவியத்தின் நிறங்களோடு ஒத்துப்போகவில்லை என்றார் விஸ்லர். அவற்றைச் சற்று மாற்றவும், சுவரின் மேல் விளிம்பில் அலை போன்ற ஒரு கோலம் தீட்டவும் லேலண்ட் ஒப்புக்கொண்டார். பின்னர் தொழில் காரணமாக லிவர்பூலுக்குச் சென்றுவிட்டார். கட்டணம் இவ்வளவு, வேலை இதுவரை என்று எந்த எல்லையும் வகுக்கப்படவில்லை.

வீட்டுக்காரர் ஊரில் இல்லாத அந்த மாதங்களில் வேலை வளர்ந்தது. மேற்கூரை பொன்னிறத் தகடு பதித்து மயிலிறகுக் கோலத்தால் நிறைக்கப்பட்டது. ஜெக்கில் செய்த மர அடுக்குகளுக்குப் பொன் பூசப்பட்டது. சன்னல் பலகைகளில் நீண்ட தோகைகளுடன் மயில்கள் தோன்றின. விருந்தினரையும் பத்திரிகையாளரையும் விஸ்லர் அங்கேயே வரவழைத்துக் காட்டினார். உரிமையாளர் இன்னும் பார்க்காத அறையை ஊர் பார்த்துவிட்டது.

2000 கினியும் 1000 பவுண்டும்

1876 அக்டோபரில் விஸ்லர் கேட்ட தொகை 2000 கினி. லேலண்ட் அதிர்ந்தார். அவர் கடிதத்தில் எழுப்பிய மறுப்பு, இன்று எந்த வாடிக்கையாளரும் சொல்லக்கூடியதுதான். முன்கூட்டியே தெரிவிக்காமல் இவ்வளவு பெரிய செலவில் தம்மை இழுத்துவிட்டிருக்கக் கூடாது என்றார். சன்னல் பலகைகளில் உள்ள மயில்கள் ஓவியம் என்ற அளவில் அந்த விலை பெறலாம். ஆனால் தாம் கேட்காத ஒன்றை அங்கே தீட்டியது முறையில்லை, வேண்டுமானால் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்றும் எழுதினார்.

இறுதியில் பாதித்தொகை என்று முடிவாயிற்று. அந்தப் பாதியையும் லேலண்ட் கினியில் கொடுக்காமல் பவுண்டில் கொடுத்தார். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஒரு கினிக்கு 21 ஷில்லிங். கினி நாணயம் அச்சிடப்படுவது நின்று பல பத்தாண்டுகள் ஆகியிருந்தாலும் மருத்துவர், வழக்கறிஞர், ஓவியர் ஆகியோரின் கட்டணம் கினியில்தான் பேசப்பட்டது. தச்சருக்கும் கடைக்காரருக்கும் பவுண்டு. ஆகவே 1000 கினிக்குப் பதில் 1000 பவுண்டு என்றால் குறைந்தது 50 பவுண்டு மட்டுமன்று. கலைஞருக்குரிய மதிப்பும் குறைந்தது. தம் ஷில்லிங்குகள் கத்தரிக்கப்பட்டன என்று விஸ்லர் மனம் புழுங்கினார்.

சண்டையிடும் மயில்கள்

பணம் பெற்ற பிறகும் விஸ்லர் வேலையை நிறுத்தவில்லை. விலையுயர்ந்த அந்தத் தோல் முழுவதையும் கருநீலத்தால் மூடினார். தம் ஓவியத்துக்கு எதிர்ச் சுவரில் சண்டையிடும் இரண்டு மயில்களைப் பொன்னிறத்தில் தீட்டினார். ஒரு மயிலின் தலையில் வெள்ளி இறகு. அது விஸ்லரின் நெற்றியில் விழும் நரைமுடிக் கற்றை. சிலிர்த்து நிற்கும் மற்றொன்றின் கழுத்தில் வெள்ளி இறகுகள். அவை லேலண்ட் அணியும் மடிப்புச் சட்டை. காலடியில் நாணயங்கள் சிதறிக் கிடக்கின்றன. இப்படத்துக்கு 'கலையும் பணமும்' என்று அவர் பெயரிட்டார். 1877 இல் வேலையை முடித்து வெளியேறினார்.

தம்மைக் கேலி செய்யும் ஓவியம் உணவு மேசைக்கு நேரே இருந்தும் லேலண்ட் அதை அழிக்கவில்லை. சாகும்வரை அறையை அப்படியே வைத்திருந்தார். முழு விலைக்கு அறை தகுதியற்றது என்று அவர் கருதியிருந்தால் அப்படிச் செய்திருக்கமாட்டார் என்று எண்ண இடமுண்டு.

நீதிமன்றத்தில் அதே கேள்வி

கட்டணம் எதற்காக என்னும் கேள்வி விஸ்லரை விடவில்லை. 1877 இல் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், விஸ்லரின் ஓவியம் ஒன்றுக்கு 200 கினி கேட்கப்படுவதைக் கடுமையாக இகழ்ந்து எழுதினார். விஸ்லர் மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1878 நவம்பரில் நடந்த விசாரணையில் ரஸ்கின் தரப்பு வழக்கறிஞர் சர் ஜான் ஹோல்கர், அந்த ஓவியத்தை வரைய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டார். ஏறத்தாழ இரண்டு நாள் என்றார் விஸ்லர். இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி என்று மடக்கினார் வழக்கறிஞர். வாழ்நாள் முழுதும் உழைத்துப் பெற்ற அறிவுக்காகக் கேட்கிறேன் என்பது விஸ்லரின் விடை.

வடிவமைப்பாளர்கள் இந்த விடையை இன்றும் நினைவுகூர்கிறார்கள். தீர்ப்பை நினைவுகூர்வோர் குறைவு. வழக்கில் விஸ்லர் வென்றார். இழப்பீடாக ஒரு ஃபார்திங் கிடைத்தது. ஒரு பவுண்டில் 960 இல் ஒரு பங்கு அது. வழக்குச் செலவை அவரவரே ஏற்க வேண்டும் என்றும் ஆயிற்று. ஏற்கெனவே கடனில் இருந்த விஸ்லர் 1879 மே மாதம் நொடித்துப்போனார். கடன் கொடுத்தோர் பட்டியலில் லேலண்டும் இருந்தார்.

அதே ஆண்டு இலண்டனின் ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்னும் நிறுவனம் விஸ்லரை வெனிஸ் நகருக்கு அனுப்பியது. 12 செப்புத்தகட்டு ஓவியங்கள், அதற்கு இவ்வளவு முன்பணம், காலம் மூன்று மாதம் என்று முன்பே பேசப்பட்டது. விஸ்லர் பதினான்கு மாதம் தங்கிவிட்டார். ஆனாலும் கேட்ட 12 ஓவியங்கள் 1880 டிசம்பரில் காட்சிக்கு வந்தன. ஆள் மாறவில்லை, பழக்கமும் மாறவில்லை. என்ன தர வேண்டும் என்பது மட்டும் இம்முறை தெளிவாக இருந்தது.

தகராறு காட்டுவது

மயில் அறை விவகாரத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. விஸ்லர் தந்தது கேட்டதைவிடப் பல மடங்கு மேலானது. லேலண்டோ அதைக் கேட்கவில்லை. வீடு கட்டியவர்கள் இத்தகைய சச்சரவை அறிவார்கள். "இதையும் சேர்த்துச் செய்துவிடலாம்" என்று மேஸ்திரி சொல்லும்போது எவ்வளவு ஆகும் என்று கேட்காதவர், கணக்கு வரும் நாளில் கேட்பார். அன்று கேட்பது பேரம் ஆகாது, சண்டையாகத்தான் முடியும்.

இன்று சின்னம், அட்டைப்படம், இணையத்தளம் ஆகியவற்றை வடிவமைக்கும் தனித்தொழிலர்களுக்கும் நிலைமை இதுவே. வாழ்நாள் அறிவுக்கு விலை கேட்பது சரியே. ஆனால் அந்த வாதத்துக்கு வேலை தொடங்குமுன் இருக்கும் வலிமை, முடிந்தபின் இருப்பதில்லை. முன்பே சொன்னால் வாடிக்கையாளர் ஏற்கலாம், மறுக்கலாம், வேறு ஆளைத் தேடலாம். முடிந்தபின் சொன்னால், தாம் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்.

கையில் பணம் குறைவாக உள்ள வாடிக்கையாளரிடம் இது இன்னும் முக்கியம். அவர் பாதி விலைதான் தர முடியும் என்றால், வேலையின் அளவைப் பாதியாக்கலாம். மூன்று மாதிரிகளுக்குப் பதில் ஒன்று தரலாம். திருத்தங்களுக்கு எல்லை வகுக்கலாம். லேலண்ட் பாதி கொடுத்து முழு அறையையும் பெற்றார். வேலை முழுவதும் முடிந்துவிட்டதால் விஸ்லரிடம் குறைத்துக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை. கூடுதல் வேலைக்குக் கூடுதல் கட்டணம் என்று முன்பே எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்புதல் பெற்றிருந்தால், மேற்கூரையில் முதல் இறகைத் தீட்டுமுன் லிவர்பூலுக்கு ஒரு கடிதம் போயிருக்கும்.

லேலண்டின் மறைவுக்குப் பின், 1904 இல் அமெரிக்கத் தொழிலதிபர் சார்லஸ் லாங் ஃபிரீயர் அந்த அறையை விலைக்கு வாங்கி, பிரித்தெடுத்துக் கப்பலில் கொண்டுபோனார். அவர் பெயரில் அமைந்த கலைக்கூடம் 1923 இல் திறக்கப்பட்டது. சிதறிய நாணயங்களின் மேல் அந்த மயில்கள் இன்றும் சண்டையிட்டபடி நிற்கின்றன.