பட்டறிவுக்கு ஒரு சான்றிதழ்

ஆசிரிய நண்பர்களே, மனநோயாளிகளின் சங்கிலியை அவிழ்த்தவர் யார்னு கேட்டால், மருத்துவர் பினேல் என்றுதான் பலரும் சொல்வோம். ஆனா, பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் 1797இல் அதைச் செய்தவர் பூசேன். அவர் மருத்துவர் இல்லீங்க. கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற அங்கே வந்தவர். குணமானதும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, மனநோயாளர் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனார். குணமடைந்தவர்களையே பணியாளர்களாக அமர்த்தினார். நோயாளியை அடிக்கக் கூடாது என்பதில் ரொம்பக் கண்டிப்பு. பினேலே அவரைத் தம் நூலில் பாராட்டியிருக்கிறார். இருந்தும் நம் நினைவில் நின்றது பினேலின் பெயர்தான்.

மனநலச் சிக்கலிலிருந்து மீண்டவர், அதே நிலையில் இருப்பவருக்குத் துணை நிற்பதை இன்று ‘சக ஆதரவுப் பணி’ என்கிறோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1999இல் இப்பணிக்கு மெடிக்கேய்ட் நிதியிலிருந்து கட்டணம் பெற வழி செய்தது. 2001இல் பயிற்சியும் தேர்வும் சான்றிதழும் வந்தன. பயிற்சியில் என்ன இருக்கு? தன் கதையை, எதிரில் இருப்பவருக்குப் பயன்படும் அளவுக்கு மட்டும் சொல்வது. அறிவுரையை அடக்கிக்கொண்டு காது கொடுப்பது (நம்ம தொழிலில் இதுதான் ரொம்பச் சிரமம்!). 2007இல் மெடிக்கேய்ட் நிதி கேட்கும் மாநிலங்களுக்கெல்லாம் பயிற்சி, சான்றிதழ், மேற்பார்வை கட்டாயமாயின.

சம்பளம் வந்தது, கூடவே படிவமும் வந்தது. கண்டமாலைக்காரர் பூசேன் இன்று விண்ணப்பித்தால், மனநோய் அனுபவம் இல்லையென்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.