கரிசல் காட்டு வில்வண்டி

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே கிடக்கும் ஏறக்குறைய பத்து மைல் நிலத்தை, அடைமழை ஓய்ந்த கார்த்திகையிலும் வெயில் தகிக்கும் வைகாசியிலும் நடந்து பார்த்தவர்களுக்கு, அந்தப் பிரதேசத்தில் சக்கரம் என்ற சாதனம் எத்தனை பாடுபட்டு உருண்டிருக்க வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை. கரிசல் மண் நீர் பட்டால் ஊதிப் பசையாகிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு எழும். நீர் வற்றினால் சுருங்கி, கை நுழையும் அகலத்துக்குப் பிளந்து, ஐப்பசியில் பதிந்த வண்டித் தடத்தைப் பங்குனி வரையில் இறுகிய பள்ளமாக வைத்துக்கொண்டிருக்கும். இவற்றுக்கு நடுவே சரளை மேடுகள், ஓடைகள், கண்மாய்க் கரைகள், மழைக்காலத்தில் குண்டாற்றுக்குப் போய்ச் சேரும் வாய்க்கால்கள். இந்த நிலத்தின்மேல் மனிதன் உட்கார்ந்து போவதற்கென்றே அமைந்த லகுவான வாகனமாகிய வில்வண்டியின் சரித்திரம், மன்னர்களின் சரித்திரத்தைப் போலவே எழுதிவைக்கத் தக்கது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பாரவண்டியைச் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கியபோது, அந்தப் பாதை விருதுபட்டி என்று அப்போது வழங்கிய விருதுநகரைத் தொட்டுச் சென்றதேயன்றி அருப்புக்கோட்டையைத் தொடவில்லை. அருப்புக்கோட்டை ரயிலைக் காண 1960-கள் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட எண்பது தொண்ணூறு ஆண்டுகள், கரிசலில் விளைந்த பருத்தியும் வற்றலும் தானியமும், ஊர்த் தறிகளில் நெய்த சேலைகளும், பாலவநத்தம் வழியாக விருதுநகருக்கு மாட்டு வண்டியிலேயே போயின. வழிப்பறிக்கு அஞ்சிய வியாபாரிகள் கூட்டமாகப் பூட்டிக்கொண்டு இரவில் பிரயாணம் செய்தார்கள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்களிலும் கால் ஊன்றிய நாடார் வணிகர்கள், வழியில் மதிலும் கிணறும் உள்ள பேட்டைகளைக் கட்டி, வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாகத் தங்க ஏற்பாடு செய்து, அங்கே வசூலான மகமையைக் கொண்டு பொதுக் காரியங்களையும் நடத்தினார்கள். அந்த வண்டிகளில் வில் கிடையாது. அச்சின்மேல் நேராகச் சட்டம், சட்டத்தின்மேல் பாரம். தடத்தின் ஒவ்வொரு குழியும் குறையாமல் மேலே வந்து சேரும். பொதிக்கு அது போதும். அதே வண்டியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல நேர்ந்தால் அரையடி கனத்துக்கு வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சமுக்காளத்தை விரித்து, மாட்டை நடையிலேயே விடுவார்கள். அதற்கு மேல் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

சக்கரம் செய்வது இப்பக்கத்துத் தச்சருக்கும் கொல்லருக்கும் கைவந்த கலை. கண்மாய்களில் வளரும் கருவேலம் வைரம் பாய்ந்த மரம். அதுவே ஆரக்காலுக்கும் வட்டைக்கும் உகந்தது. குடத்தில் ஆரக்கால்களை அறைந்து, அவற்றின் தலையில் வட்டைத் துண்டுகளைக் கோத்து முடித்த பிறகுதான் உயிரான வேலை தொடங்கும். சக்கரத்தின் சுற்றளவைக் காட்டிலும் இத்தனை விரற்கடை குறைவாக இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து வளைத்த இரும்புப் பட்டையைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வறட்டியை அடுக்கித் தீ மூட்டுவார்கள். நெருப்பில் பட்டை சிவந்து விரிந்ததும் நாலு பேர் குறடுகளால் தூக்கிவந்து வட்டையின்மேல் இறக்க, மரம் புகைந்து தீப்பற்றும் அந்தக் கணத்தில் குடங்குடமாகத் தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்பு குளிர்ந்து சுருங்கும்போது, ஆணி ஒன்றும் இல்லாமலே அத்தனை மரத்துண்டுகளையும் நெரித்து ஒரே உடம்பாக்கிவிடும். ஆரக்கால்கள் குடத்துக்குள் இறங்கி இறுகும் முறுமுறுப்பு அருகில் நிற்பவர்களுக்குக் கேட்கும். இவ்வளவு உறுதியான சக்கரத்தில் நெகிழ்ச்சி என்பது அறவே இல்லை. ஆகவே இதம் வேண்டுமானால் அது சக்கரத்துக்கும் இருக்கைக்கும் நடுவில்தான் பிறக்க வேண்டும்.

அந்த நடுவிடத்தில் எஃகு வில்லை அமைக்கும் முறை மேல்நாட்டிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஒபடையா எலியட் என்ற வண்டி செய்பவர், பட்டைகளை அடுக்கிய நீள்வட்ட வில்லுக்கு 1804-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதுவரையில் வண்டிக் கூட்டைத் தோல்வார்களில் தொங்கவிட்டுச் சமாளித்துவந்த ஐரோப்பியர்களுக்கு அது பெரிய விடுதலையாயிற்று. துரைமார்களின் குதிரை வண்டிகளோடு இந்நாட்டுக்கு வந்த வில்லை நம்மவர்கள் இரட்டைச் சக்கர மாட்டு வண்டிக்கு மாற்றிக்கொண்டார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நான்கு சக்கரங்களோடு கல் பாவிய வீதியில் ஓடுவதற்குச் சமைத்த பொருளை, இரண்டு சக்கரங்களோடு, மாட்டின் தோளில் ஒரு முனையைச் சார்த்தி, கரிசல் தடத்தில் ஓட்ட வேண்டும் என்றால், அதை அப்படியே மாட்டிவிட்டால் ஆகாது. நிலத்துக்கும் மாட்டுக்கும் ஏறும் ஆட்களுக்கும் தக்கபடி திருத்தியாக வேண்டும். திருத்தியவர்கள் ஊர்ப் பட்டறைக்காரர்கள். வில்வண்டியின் சௌகரியத்தை மேல்நாட்டுச் சரக்கென்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் பாதிச் சரித்திரத்தையே எழுதுகிறார்கள்.

வில்லின் அமைப்பு எளிது. நீளமான தாய்ப்பட்டை ஒன்று. அதன்கீழ் ஒன்றைவிட ஒன்று குட்டையாகச் சில பட்டைகள். எல்லாவற்றையும் நடுவில் சேர்த்து இறுக்கும் கட்டு. கட்டு அச்சின்மேல் உட்காரும்; தாய்ப்பட்டையின் இரு காதுகளும் வண்டிக் கூட்டைத் தாங்கும். ஒரே கனமான பட்டையை வைக்காமல் மெல்லிய பலவற்றை அடுக்குவதற்குக் காரணம் உண்டு. ஒரே நீளமும் அகலமும் உள்ள இரண்டு பட்டைகளில் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு தடிப்பானால் அதன் விறைப்பு இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. நீளத்தை இரு மடங்காக்கினாலோ விறைப்பு எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும். எனவே மெல்லிய பட்டைகள் பல சேர்ந்து பாரத்தையும் தாங்கும், வளைந்தும் கொடுக்கும். அவை ஒன்றன்மேல் ஒன்று உராய்வதால் துள்ளலும் சீக்கிரம் அடங்கும். இந்த உராய்வுக்கும் ஓர் அளவு உண்டு: இடுக்குகளில் கரிசல் புழுதி புகுந்து துருவோடு சேர்ந்து இறுகிவிட்டால் வில், வில்லாக இராமல் வெறும் இரும்புக் கட்டியாகிவிடும், எண்ணெய் அதிகமானால் ஒரு குழியில் விழுந்த வண்டி மூன்று தரம் ஆடி ஓயும். வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை அச்சுக்கு உரியது. பட்டைகளுக்கோ, கழற்றித் துடைத்து இலேசாக எண்ணெய் காட்டினால் போதும்.

இனி லகுவான வண்டியின் சங்கடத்தைச் சொல்கிறேன். பத்து டன் ஏற்றிய லாரியில் இரண்டு பேர் ஏறினாலும் இறங்கினாலும் அதன் வில்லுக்குத் தெரியாது. வில்வண்டியில் ஒருவர் தனியே போவதற்கும் குடும்பத்தோடு ஐந்து பேர் கோயிலுக்குப் போவதற்கும் பாரம் இரட்டித்துவிடுகிறது. ஐவருக்குத் தக்கபடி விறைத்த வில் ஒருவரைத் தூக்கித் தூக்கிப் போடும். ஒருவருக்கு இதமாக நெகிழ்ந்த வில் ஐவர் ஏறினால் அடங்கிப் போய், கூண்டு அச்சுக் கட்டையில் இடிக்கும். கனமான சக்கரமும் இலேசான கூடும் சேர்ந்துவிட்டாலோ தொல்லை இன்னும் அதிகம்; துள்ளும் சக்கரம் மேலுள்ள கூட்டையும் தன்னோடு இழுத்து ஆட்டும். இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1962-இல் வெளியிட்ட லோட்டஸ் எலான் என்ற விளையாட்டுக் கார், 700 கிலோவைக்கூட எட்டாத லகுவான வாகனம். மெலிந்த விறைப்புள்ள வில்லும் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் நல்ல ஷாக் அப்சார்பரும் அமைந்ததால் அது வேகத்துக்கும் இதத்துக்கும் ஒருங்கே பெயர் பெற்றது. அங்கே பொறியாளர் வரைபடத்தில் தீர்த்த அதே பிரச்சினையை, இங்கே பட்டறைக்காரர் பட்டை ஒன்றைக் கழற்றியும் சேர்த்தும், தளர்ந்த வில்லைச் சூடேற்றி வளைவைத் திருப்பித் தோய்ச்சல் கொடுத்தும் தீர்த்தார். தோய்ச்சலில் பதம் தவறினால் பட்டை ஒன்று முறியும், அல்லது வளைந்தபடியே நின்றுவிடும். உலையில் தெரியும் நிறத்தைத் தவிர அவருக்கு வேறு அளவுகோல் இல்லை.

பட்டறையில் தீராத மிச்சத்தை ஓட்டுகிறவர் தீர்த்தார். இரட்டைச் சக்கர வண்டியில் பாரம் அச்சுக்கு முன்னே கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்னே கூடினால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு குரல்வளையைப் பிடிக்கும். மேடு ஏறும்போது பின்பாரம், தாம்போதியில் இறங்கும்போது முன்பாரம். "ஐயா, வண்டி பின்பாரம் அடிக்குது; கொஞ்சம் முன்னுக்கு வந்து உக்காருங்க" என்று அவர் திரும்பிச் சொல்லும்போது, உள்ளே இருப்பவர் எத்தனை பெரிய மனிதரானாலும் நகர்ந்து உட்காரத்தான் வேண்டும். மாட்டின் நடையசைவும் ஏர்க்கால் வழியாகக் கூண்டுக்கு வருவது. அந்த அசைவும் வில்லின் ஆட்டமும் ஒத்துச் சேர்ந்துகொண்டால் வயிற்றைக் குமட்டும். அப்போது மாட்டை ஒரு தட்டுத் தட்டியோ நிதானப்படுத்தியோ அந்த ஒத்திசைவைக் கலைப்பதும் அவருடைய வித்தையே.

இதத்துக்கு நேர் எதிரான உறவினர் பந்தய வண்டி. கொங்கு நாட்டில் ரேக்ளா குறுகிய தூரத்துக்கு நேராக ஓடுவது. நம் தென்பக்கத்து எல்கைப் பந்தயமோ சாலையில் மைல் கணக்கில் போய்த் திரும்புவது. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்து, தூரத்தை இன்றும் மைலிலேயே அறிவிக்கிறார்கள். அந்த வண்டியில் கூண்டு இல்லை, மெத்தை இல்லை, வில்லும் இல்லை; எடையை ராத்தல் ராத்தலாகச் செதுக்கி எடுத்திருப்பார்கள். ஓட்டுகிற சாரதியின் முழங்கால்களே வில். 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு இப்பந்தயங்களை நிறுத்திற்று; 2017-இல் தமிழ்நாட்டில் செய்த சட்டத் திருத்தத்தை 2023 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது. மாட்டுக்குத் துன்பம் நேராமல் இவ்விளையாட்டு நடக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. பந்தய வண்டி செய்யும் தச்சரின் நுட்பம் அழிந்துவிடக் கூடாது என்பதிலும் அதே உறுதி உண்டு.

வில்வண்டியில் யார் உட்கார்ந்தார்கள் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். சுந்தரரின் பதிகம் பெற்ற திருமேனிநாதர் கோயிலும், மாஜிஸ்திரேட் கோர்ட்டும் இருந்த திருச்சுழிக்குச் சுற்று வட்டாரமெல்லாம் வந்து போயிற்று. அங்கே வக்கீல் தொழில் பார்த்த சுந்தரமையரின் வீட்டில்தான் 1879 டிசம்பர் 30-ஆம் தேதி பிற்காலத்து ரமண மகரிஷி பிறந்தார். நிலக்கிழார்கள், வக்கீல்கள், மொத்த வியாபாரிகள், கல்யாணப் பெண்கள் ஆகியோருக்கே வில் வைத்த வண்டி. அதே தடத்தில் புழுதியைத் தின்றுகொண்டு நடந்தவர்கள் அநேகர். பணம் இல்லாமை மட்டும் இதற்குக் காரணம் அல்ல. மேற்கே திருவிதாங்கூரில், வெங்ஙானூர்ப் புலையர் குலத்தில் பிறந்த அய்யங்காளி, தம்மவர் வண்டியேறிப் பொதுவழியில் போகலாகாது என்ற கட்டை உடைத்து 1893-ஆம் ஆண்டில் வில்வண்டியிலேயே பவனி வந்தார். இந்திய சமூக வரலாற்றில் ஒரு வண்டி இத்தனை பெரிய காரியத்துக்குப் பயன்பட்டது அரிது. நம் பக்கத்தில் அந்தப் போராட்டம் மோட்டார் யுகத்தில் வந்தது. 1912-இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதியில் தொடங்கிவைத்த பஸ் போக்குவரத்து மெல்ல மெல்லத் தெற்கே பரவியபோது, பஸ்ஸில்கூடச் சிலரை ஏற்ற மறுக்கும் கொடுமை நடந்தது. 1910-இல் உருவான இராமநாதபுரம் ஜில்லாவுக்குள்தான் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்போது இருந்தன. அந்த ஜில்லா போர்டின் தலைவராக 1920-களின் இறுதியில் அமர்ந்த டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். வில்லின் இதத்தைப் பற்றி எழுதுகிறவன் இந்த உத்தரவை எழுதாமல் விட்டால் அவன் எழுத்து முழுமை பெறாது.

பஸ் வந்த பிறகு வில்வண்டிக்கு அதிக நாள் இல்லை. டன்லப் கம்பெனியின் காற்றடைத்த டயர் 1930-களில் மாட்டு வண்டிக்கும் வந்தது; வில் செய்த வேலையில் பாதியைக் காற்று செய்தது, பாரமும் அதிகம் ஏறிற்று. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ்.இராமசுவாமி, நுகம் மாட்டின் கழுத்தை அறுக்காத திருந்திய வண்டிக்காக 1970-களிலிருந்து ஓயாமல் வாதாடினார். அவர் நோக்கம் உயர்ந்தது, ஆயினும் சின்ன விவசாயிக்குக் கிரயம் எட்டவில்லை, டிராக்டரும் முந்திக்கொண்டது. பழைய லாரி வில்பட்டைகளோ மானாமதுரைக்குப் பக்கத்துத் திருப்பாச்சேத்தியின் உலைகளுக்குப் போய், பெயர் பெற்ற அரிவாள்களாகின்றன.

பட்டறைத் தொழில் இன்னும் இருக்கிறது. இன்று அங்கே வந்து நிற்பது பெரும்பாலும் குட்டியானை என்று ஜனங்கள் அழைக்கும் டாட்டா ஏஸ் போன்ற சிறு லாரிகள். நெல்மூட்டைக்கும் ஹாலோ பிளாக் கல்லுக்குமாகப் பட்டை கூட்டச் சொல்லும் உரிமையாளரிடம், கூட்டினால் வெறும் வண்டியாகத் திரும்பும்போது இடுப்பைப் பதம் பார்க்கும் என்று பட்டறைக்காரர் எச்சரிக்கிறார். வாரத்தில் எத்தனை நாள் பாரத்தோடு போகிறது, எத்தனை நாள் காலியாக ஓடுகிறது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் கட்டைக் கழற்றத் தொடங்குகிறார்.