எழுத்துத் தேர்வும் லாரி ஓட்டுநரும்

ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் லாரி ஓட்டுநரைப் பற்றிக் கட்டுரை எதற்கு என இளைஞர் சிலர் வினவக்கூடும். கல்வி என்றதும் பள்ளியும் கல்லூரியும் பட்டமுமே நம் நினைவில் எழுகின்றன. பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவர், இரவில் விளக்கடியில் அமர்ந்து தம் தொழிலுக்குரிய விதிநூலைப் படித்து, தேர்வெழுதி, உரிமம் பெறுவதும் கல்வியே. அக்கல்வி யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைக்கப்பட்டிருந்தது என்பதற்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தில் அவ்வரலாற்றைத் தெளிவாகக் காணலாம்.

அம்மக்களின் வாழ்வை நாம் உற்று நோக்குவது புதிதன்று. 1913 முதல் 1916 வரை நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அண்ணல் அம்பேத்கர், 1946-ஆம் ஆண்டில் கறுப்பினப் பேரறிஞர் டூ பாய்ஸ் அவர்களுக்கு ஒரு மடல் எழுதினார். அவ்விரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அம்மடலில் சுட்டினார். அண்ணல் காட்டிய அவ்வழியிலேயே இக்கட்டுரையும் செல்கிறது.

சுவராக நின்ற வினாத்தாள்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எழுத்துத் தேர்வு என்பது நெடுங்காலம் கறுப்பின மக்களைத் தடுத்து நிறுத்தும் கருவியாகவே விளங்கிற்று. 1890-இல் மிசிசிப்பி மாநிலம் இயற்றிய அரசியல் சட்டம், வாக்காளராக விரும்புவோர் அச்சட்டத்தின் ஒரு பகுதியைப் படிக்கவோ, படிக்கக் கேட்டுப் பொருள் கூறவோ வேண்டும் என்றது. எப்பகுதியைக் கேட்பது, எவ்விடை சரி என்பதையெல்லாம் வெள்ளை அதிகாரியே முடிவு செய்தார். வெள்ளையருக்கு எளிய வரியும் கறுப்பினத்தவருக்குக் கடிய வரியும் காட்டப்பட்டன. 1965-இல் நிறைவேறிய வாக்குரிமைச் சட்டமே இத்தேர்வுகளைத் தென் மாநிலங்களில் நிறுத்தி வைத்தது. 1975-இல் நாடு முழுவதிலும் அவை நிலையாக ஒழிக்கப்பட்டன.

வாக்குச் சாவடியில் நின்ற அதே சுவர் தொழிற்சாலை வாயிலிலும் நின்றது. வட கரோலினா மாநிலத்தின் டிரேப்பர் என்னும் ஊரில் டியூக் பவர் கம்பெனியின் மின் நிலையம் ஒன்று இருந்தது. அதன் ஐந்து பிரிவுகளில், கூலிப் பிரிவில் மட்டுமே கறுப்பினத்தவர் அமர்த்தப்பட்டனர். அப்பிரிவின் மிக உயர்ந்த ஊதியம், ஏனைய நான்கு பிரிவுகளின் மிகத் தாழ்ந்த ஊதியத்தினும் குறைவு. 1955-இல் அக்கம்பெனி, கூலிப் பிரிவு தவிர்த்த பிறவற்றில் சேர உயர்நிலைப் பள்ளித் தேர்ச்சி வேண்டும் என விதித்தது. வேலையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடியுரிமைச் சட்டப் பகுதி 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி இரண்டு எழுத்துத் தேர்வுகளையும் புகுத்தியது. அத்தேர்வுகளுக்கும் அங்குச் செய்யும் வேலைக்கும் தொடர்பு உண்டு என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. பள்ளித் தேர்ச்சி இல்லாமலேயே முன்னர் சேர்ந்த வெள்ளையர் அவ்வேலைகளைச் செவ்வனே செய்து வந்தனர்.

அங்கு வேலை செய்த 14 கறுப்பினத் தொழிலாளருள் 13 பேர் வழக்குத் தொடுத்தனர். 1971 மார்ச் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஓர் இனத்தாரை விலக்கி நிறுத்தும் தேர்வு அந்த வேலைக்கு வேண்டிய திறனை அளப்பதாக இல்லாவிடில், தீய நோக்கம் இல்லையெனினும் அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

எழுதப்படாத விதி

இனி லாரித் தொழிலுக்கு வருவோம். அந்நாட்டில் சரக்கு லாரி ஓட்டுநர் இரு வகையினர். நகருக்குள் சரக்கேற்றி இறக்குவோர் நகர ஓட்டுநர். ஊர்விட்டு ஊர் ஓட்டிச் செல்வோர் நெடுந்தொலைவு ஓட்டுநர். மிகுந்த ஊதியம் பின்னவருக்கே. டி.ஐ.எம்.இ.–டி.சி. என்னும் சரக்குக் கம்பெனியின்மீது அரசே தொடுத்த வழக்கில் வெளிப்பட்ட கணக்கு நோக்கத்தக்கது. 1971 மார்ச் 31 நிலவரப்படி அக்கம்பெனியின் நெடுந்தொலைவு ஓட்டுநர் 1,828 பேர். அவருள் கறுப்பினத்தவர் 8 பேர் மட்டுமே. அந்த 8 பேரும் வழக்குத் தொடங்கிய பின்னரே அமர்த்தப்பட்டனர். மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர் வாழ்ந்த அட்லாண்டா நகரின் நிலையத்தில் 57 நெடுந்தொலைவு ஓட்டுநர் இருந்தனர். 57 பேரும் வெள்ளையரே.

இவர்களை எவ்வினாத்தாள் தடுத்தது? எதுவும் இல்லை. வேலை கேட்டு வந்த கறுப்பினத்தவரின் விண்ணப்பங்கள் கண்டுகொள்ளப்படவில்லை; வேண்டிய தகுதி யாது, விண்ணப்பிக்கும் முறை யாது என்பன பற்றிப் பொய்யும் திரிபுமான செய்திகள் அவர்களிடம் சொல்லப்பட்டன. வெள்ளையருக்கு ஓர் அளவுகோல், இவர்களுக்கு வேறு அளவுகோல். நகர ஓட்டுநராக இருந்த ஒருவர் நெடுந்தொலைவுப் பணிக்கு மாறினாலோ, பணிமூப்பை இழந்து கடைசி ஆளாகத் தொடங்க வேண்டும். டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கமும் கம்பெனியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவ்வாறு இருந்தது. 1977 மே 31 அன்று உச்ச நீதிமன்றம், கம்பெனி பாகுபாடு காட்டியது உண்மையே எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் பணிமூப்பு முறையைச் சட்டம் காப்பதாகக் கூறி, சட்டம் நடைமுறைக்கு வருமுன் இழைக்கப்பட்ட அநீதிக்குப் பணிமூப்பு வழங்க மறுத்தது. வெற்றி பாதியாகவே கிட்டியது.

டியூக் பவர் தொழிலாளரைத் தடுத்தது வேலைக்குத் தொடர்பற்ற தாள். லாரி ஓட்டுநரைத் தடுத்தது தாளே இல்லாத நிலை. தகுதி யாது என வெளிப்படையாக எழுதிவைக்கப்படாத இடத்தில், விண்ணப்பிப்பவரின் முகமே தகுதியாகிவிடுகிறது.

திறந்த வாயில்

1986 அக்டோபரில் அமெரிக்கப் பேரவை வணிக வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. அதற்கு முன்னர்ப் பல மாநிலங்களில் மோட்டார் கார் ஓட்டும் உரிமம் பெற்றவரே பெரிய லாரியையும் ஓட்டலாம். ஒருவரே பல மாநிலங்களில் உரிமம் பெற்றுத் தம் குற்றங்களைப் பிரித்து மறைப்பதும் உண்டு. சாலைப் பாதுகாப்புக்காகவே இச்சட்டம் எழுந்தது. 1992 ஏப்ரல் 1 முதல், 26,001 பவுண்டும் (ஏறத்தாழ 11.8 டன்) அதற்கு மேலும் எடையுள்ள வாகனத்தை ஓட்டுவோர் அனைவரும் தனி உரிமம் பெறுவது கட்டாயமாயிற்று.

அவ்வுரிமத்துக்கு முதற்படி பழகுநர் உரிமம். அதற்குரியதே எழுத்துத் தேர்வு. பொது அறிவுத் தாள் அனைவருக்கும் உண்டு. காற்றழுத்த பிரேக், இணைப்பு வண்டி, அபாயகரமான சரக்கு ஆகியவற்றுக்குத் தனித் தாள்கள். நூற்றுக்கு 80 பெற்றாலே தேர்ச்சி. வினாக்கள் எழும் கையேட்டை ஒவ்வொரு மாநில அரசும் வெளியிடுகிறது. எவரும் பெற்றுப் படிக்கலாம்.

அக்கையேட்டில் இருப்பன யாவும் ஓட்டுநரின் உயிரோடு தொடர்புடையவை. மணிக்கு 55 மைல் (சுமார் 88 கிலோமீட்டர்) வேகத்தில் செல்லும் லாரிக்கு முன் இடர் தோன்றினால், அதனைக் கண் கண்டு மனம் உணர்வதற்குள் வண்டி 142 அடி சென்றுவிடும். கால் பிரேக்கை அடைவதற்குள் மேலும் 61 அடி. பிரேக் பிடித்து நிற்பதற்குள் 216 அடி. ஆகமொத்தம் 419 அடி. காற்றழுத்த பிரேக் ஆயின், காற்று குழாயில் ஓடிச் சேர்வதற்கு இன்னும் 32 அடி. வேகம் இரு மடங்காயின் பிரேக் பிடித்து நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும். இதனைக் கேட்கும் வினா, விடையளிப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. உச்ச நீதிமன்றம் 1971-இல் வகுத்த நெறி இத்தாளில் நிறைவேறியிருப்பதைக் காண்கிறோம்.

வாயில் திறந்ததன் பயனும் கண்கூடு. அண்மை ஆண்டுகளின் அமெரிக்கத் தொழிலாளர் கணக்கெடுப்புகளின்படி, லாரி ஓட்டுநருள் கறுப்பினத்தவரின் பங்கு, மொத்தத் தொழிலாளருள் அவர்களுக்குள்ள பங்கினும் மிகுதி. இதற்கு எழுத்துத் தேர்வு ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. வழக்காடியோரின் உறுதியே முதற்காரணம். மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. 1980-இன் மோட்டார் சரக்குச் சட்டம் தொழிலைப் பெருமளவில் போட்டிக்குத் திறந்துவிட்டது. அதன் பின்னர் தொழிற்சங்கங்கள் தளர்ந்தன. ஓட்டுநரின் உண்மை ஊதியம் வீழ்ந்தது. கதவு திறந்த காலத்தில் உள்ளிருந்த செல்வம் குறைந்துவிட்டது. உரிமம் பெறுவதோடு சங்கமாய்ச் சேர்வதும் தேவை என்பதை இது உணர்த்துகிறது.

நமக்குரிய பாடம்

நம் நாட்டிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2007-இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. சரக்கு வாகனமும் வாடகை வாகனமும் ஓட்ட உரிமம் வேண்டுவோர் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றது அத்திருத்தம். வறுமையால் பள்ளியை விட்டவர், கை தேர்ந்த ஓட்டுநராயினும், வாயிலிலேயே நிறுத்தப்பட்டார். அரியானா மாநிலத்தின் மேவாத் பகுதி மக்களின் நிலை சுட்டிக்காட்டப்பட்டதன் பின்னர், 2019-இல் அவ்விதி நீக்கப்பட்டது. ஏறத்தாழ 22 லட்சம் ஓட்டுநர் பற்றாக்குறை உள்ளது என அப்போது மத்திய அமைச்சகமே கூறிற்று. பள்ளிச் சான்றிதழ் வேறு, வண்டி ஓட்டும் அறிவு வேறு என்பதை ஒப்புக்கொள்ள 12 ஆண்டுகள் ஆயின.

ஆனால், சான்றிதழ் தேவையில்லை என்பதைப் படிப்பே தேவையில்லை எனப் பொருள் கொள்ளுதல் பெரும் பிழை. சாலைக் குறிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லா இரயில் கடவைகளில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றை நம் விதிகளும் பழகுநர் தேர்வில் கேட்கின்றன. இடைத்தரகர் கையில் பணம் கொடுத்துப் பெறும் உரிமம் சாலையில் உயிரைக் காக்காது. விதி தெரியாத ஓட்டுநர் எந்த அதிகாரிக்கும் முன்னே தலைகுனிந்தே நிற்பார்.

ஆகவே, இளைஞர்களே, ஒரு தேர்வு உங்கள் முன் வைக்கப்படும்போது இரண்டு வினாக்களை எழுப்புங்கள். இது வேலைக்குரிய அறிவை அளக்கிறதா? இதற்குரிய நூல் எல்லோர் கையிலும் எட்டுகிறதா? இல்லை எனின், டிரேப்பர் ஊரின் 13 தொழிலாளரைப் போலச் சட்டத்தின் துணைகொண்டு எதிர்த்து நில்லுங்கள். ஆம் எனின், அந்நூலை முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை படியுங்கள். படிக்க இயலாத அண்ணனோ தம்பியோ உங்கள் தெருவில் இருந்தால், அருகில் அமர்ந்து படித்துக் காட்டுங்கள். கல்விச் சங்கம் என்னும் பெயருக்கு அதுவே முழுப் பொருளாகும்.