உழைப்போடு ஒன்றிய கணிப்பொறிக் கல்வி

'வேலைக்குப் போவதா, படிப்பைத் தொடர்வதா?' எனும் வினா, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் நாளன்றே நம் இல்லங்களில் எழுந்துவிடுகிறது. மடுகரை போன்ற சிற்றூர்களில் கழனியிலும் கட்டடப் பணியிலும் தேய்ந்த பெற்றோர், தம் மக்கள் கல்லூரி செல்லவேண்டும் என்றே விரும்புகின்றனர். ஆயினும் மூன்றாண்டுக் காலம் ஊதியமின்றிக் காத்திருக்கும் வலிமை எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை. 'இரண்டும் இயலும்' என்று விடைகூற வழி பிறந்த வரலாற்றை, கணிப்பொறிக் கல்வியைச் சான்றாகக் கொண்டு, இவ்வெள்ளிவிழா மலரில் ஆராய விழைகிறோம்.

உழைப்போர் கற்கவேண்டும் என்னும் கருத்து, அண்ணல் அம்பேத்கர் நமக்கு விட்டுச்சென்ற செல்வமாகும். 1945 இல் அவர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. பகலில் பணியாற்றும் ஏழை மாணவர் பயிலும் வண்ணம் ஆங்குக் காலைநேர வகுப்புகள் நடைபெற்றன. உழைப்பவன் கல்லூரியின் நேரத்திற்கு வளையவேண்டும் என்னாது, கல்லூரியின் நேரத்தை உழைப்பவனுக்காக வளைத்த செயல் அது.

நேரத்தடையை அக்கல்லூரி தளர்த்தியதெனில், தொலைவுத்தடையை அஞ்சல்வழிக் கல்வி தளர்த்திற்று. 1840 இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பித்தார். நம் நாட்டில் 1962 இல் தில்லிப் பல்கலைக்கழகம் இம்முறையைத் தொடங்கியது. புதுவை மண் சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததும் அவ்வாண்டே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் 1971 இல் மதுரை, 1979 இல் அண்ணாமலை, 1981 இல் சென்னை எனத் தமிழகப் பல்கலைக்கழகங்களும் இவ்வழியே வந்தன. 1985 இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அஞ்சலில் பாடநூல், விடுமுறை நாளில் கற்றல் மையம், வீட்டிலிருந்து எழுதும் ஒப்படைப்பு, பருவ இறுதியில் தேர்வு என்னும் அதன் முறையில், கணிப்பொறிப் பயன்பாட்டியல் பட்டங்களும் 1990களில் இடம்பெற்றன.

கணிப்பொறித் துறையில் மேலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. செய்யும் வேலையே பாடமாயிற்று. பணியாற்றுவோர்க்கான கல்வித் திட்டத்தைப் பிலானியிலுள்ள பிர்லா தொழில்நுட்ப, அறிவியல் கழகம் 1979 இல் தொடங்கியது. அலுவலகத்தில் மாணவர் ஆற்றும் பணியையே ஆய்வுத் திட்டமாக ஏற்று, அங்குள்ள மூத்த பொறியாளரையும் வழிகாட்டியாகக் கொள்வது இதன் இயல்பு. 1995 இல் விப்ரோ நிறுவனம், அறிவியல் பட்டதாரிகளைப் பணியில் அமர்த்தி, இக்கழகத்தின் வாயிலாக மேற்படிப்பும் அளிக்கத் தொடங்கியது. 2017 இல் எச்.சி.எல். நிறுவனம், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் பயின்றோரைப் பயிற்றுவித்துப் பணியில் சேர்த்து, பணியாற்றிக்கொண்டே பட்டம் பெறும் திட்டத்தை வகுத்தது. 2020 இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், நிரலாக்கத்திலும் தரவு அறிவியலிலும் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. பட்டியல் சாதியினர்க்கு அதில் கட்டணச் சலுகையும் தரப்பட்டது.

நிற்க. கதவு திறந்தது என்பதாலேயே வீடு நமதாகிவிடாது. 2017 நவம்பரில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில, உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கியிருந்தன. அவை செல்லாவென அறிவிக்கப்பட்டன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோர், மீண்டும் தேர்வெழுதித் தேறினாலன்றிப் பட்டத்தைக் காத்துக்கொள்ள இயலாத நிலை வந்தது. வேலை செய்துகொண்டே இரவெல்லாம் படித்தவர்களே இதனால் இடருற்றனர். பிழை செய்தது வேறோரிடம், தண்டனை பெற்றது வேறோரிடம். ஆகவே, சேருமுன் அப்படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக்குழுவின் தொலைநிலைக் கல்வி ஒப்புதல் உண்டா என்று பார்ப்பது முதற்கடன். பணியோடு கூடிய திட்டமாயின், எத்தனை ஆண்டு அங்கேயே பணியாற்ற வேண்டும், இடையில் விலகினால் செலுத்தவேண்டிய தொகை யாது என்பவற்றை ஒப்பந்தத்தில் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுக.

மற்றொன்றும் கூறவேண்டும். தொலைவிலிருந்து கற்பவனின் பெரும்பகை தனிமையே. ஆலையில் இரவுமுறை முடித்து வந்தவன் ஆங்கிலப் பாடநூலைத் திறந்து, ஐயம் கேட்க ஆளின்றி, ஒருநாள் மூடிவைக்கிறான். மூடிய நூலை மீண்டும் திறப்பவர் சிலரே. முதல் தலைமுறையாகக் கற்கும் நம் வீடுகளில் இது அறிவுக் குறையன்று, துணைக் குறை. இக்குறையை நீக்கவல்லது நம் சங்கமே. இரவில் திறந்திருக்கும் ஓர் அறை, இணைய இணைப்புடன் இரண்டு கணிப்பொறிகள், முன்னே படித்துத் தேறியவர் ஞாயிறுதோறும் அளிக்கும் இரண்டு மணி நேரம், தேர்வுக் கட்டணத்திற்கு ஒரு சிறு நிதி, இவை போதும். வெள்ளிவிழாவின் நினைவாக எழுப்பத்தக்க கட்டடம் இதனினும் பிறிதொன்று இல்லை எனத் துணிந்து கூறுவோம்.

இளைஞர்களே! உழைக்கும் கையில் நூல் இருத்தலாகாது என்று விதித்த காலம் ஒன்றிருந்தது. உழைப்பே பாடமாகும் காலம் இது. வேலைக்குச் செல்லுங்கள், நூலையும் உடன் கொண்டு செல்லுங்கள். தேறியவர் திரும்பிவந்து அடுத்தவர்க்கு விளக்கேற்றுங்கள்.