சப்பாத்திக்கள்ளியும் சாயப்பூச்சியும்

பூந்தொட்டியின் ஈரமண்ணிலிருந்து சிறு கொசுக்கள் எழக் கண்டால் உடனே மருந்து தேடுகிறோம். மேல்மண்ணைச் சற்றுக் காயவிட்டாலே அவற்றின் புழுக்கள் பெரிதும் குறையும். நஞ்சின்றிப் பகையை அடக்கும் இக்கலைக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய வரலாறு உண்டு. அதில் பகை ஒரு செடி, பூச்சியே துணை.

எங்கள் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்தில் சப்பாத்திக்கள்ளியை இன்றும் காணலாம். அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. அதில் வெண்பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் பூச்சியை நசுக்கினால் விரல் சிவக்கும். இவ்வினத்துப் பூச்சியின் செஞ்சாயத்தால் ஸ்பெயின் பெரும்பொருள் ஈட்டிற்று. அவ்வருவாயை விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது. வந்ததோ வேற்றினம்! சாயம் மட்டம், ஆனால் கள்ளியைப் பட்டுப்போகச் செய்தது. வாணிகத்துக்கு உதவாத அதனையே 1836-38இல் தென்னாட்டிற்குக் கொணர்ந்து கள்ளியின்மேல் விட்டனர். களையை ஒழிக்கவென்றே பூச்சியை ஏவி வெற்றி கண்ட முதல் நிகழ்ச்சியாக அறிஞர் இதனைக் குறிப்பர். தவறுதலாக வந்த விருந்தாளி செய்த உதவி என்பேன் நான்.

ஆயினும் மற்றோரினக் கள்ளி எஞ்சி நின்றது. முதற்பூச்சி அதனை உண்ணவில்லை. மேய்ச்சல் நிலங்கள் முட்காடாயின. அக்கள்ளிக்குரிய வேறு பூச்சி 1926இல் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலம் விடுபட்டது. தனக்குரிய கள்ளியன்றிப் பிறிதொன்றை உண்ணாத பிடிவாதம் அப்பூச்சிகளின் குறையாகத் தோன்றலாம். அருகே விளைந்த பருத்தியும் கம்பும் பிழைத்தது அப்பிடிவாதத்தால்தான்.