மாஸ்கோ பயனியர் மாளிகை

மாஸ்கோவின் தென்மேற்கே, சோவியத் காலத்தில் லெனின் குன்றுகள் எனப்பட்ட வரபியோவி குன்றுகளில் உள்ள சிறுவர் மையம். பள்ளி விட்டபின் பிள்ளைகள் ஓவியம், நாடகம், இசை, விமான மாதிரி, வானியல் எனத் தமக்குப் பிடித்ததைப் பழகுவதற்காகவே கட்டப்பட்டது. 1962 ஜூன் 1 அன்று சோவியத் தலைவர் நிக்கிதா குருஷேவ் முன்னிலையில் திறக்கப்பட்டது.

சோவியத் ஒன்றியத்தில் இத்தகைய மையங்கள் 1930களிலேயே இருந்தன. 1935-ல் உக்ரைனின் கார்கிவ் நகரில் ஒன்று திறக்கப்பட்டது. 1937-ல் லெனின்கிராதின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) அனிச்கோவ் அரண்மனையே பிள்ளைகளுக்கு விடப்பட்டது. ருஷ்யாவின் பலேக் கிராமத்து ஓவியர்கள் அங்கே புஷ்கின், கார்க்கி கதைகளைச் சுவரில் தீட்டினார்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அரச குடும்பம் விருந்துக்கும் நடனத்துக்கும் கட்டிய கூடங்களில் தச்சுப் பட்டறையையும் ஆய்வுக்கூடத்தையும் எப்படியோ பொருத்த வேண்டியிருந்தது. மாஸ்கோக் கட்டடம் பிள்ளைகளின் தேவையிலிருந்தே வரையப்பட்டது. அதன் பெருமை அதில்தான் இருக்கிறது.

1955 நவம்பரில் கட்டடக் கலையின் வீண் அலங்காரங்களைக் கண்டித்து அரசு ஆணை பிறப்பித்தது. 1958-ல் அடிக்கல் நாட்டப்பட்ட இந்த மாளிகை, அந்த ஆணைக்குப் பின் வந்த தலைமுறையின் முதல் பெரிய வெற்றிகளுள் ஒன்று. யெகெரெவ், குபாசோவ், நோவிகோவ், பாலுய், பக்ரோவ்ஸ்கி, ஹஜாக்கியான் ஆகிய கட்டடக் கலைஞர்களும் பொறியாளர் இயோனோவும் இதை வடிவமைத்தார்கள். நோவிகோவுக்கு அப்போது வயது 31. அதே குன்றுகளில் 1953-ல் எழுந்த மாஸ்கோ பல்கலைக்கழகக் கோபுரம் சுமார் 240 மீட்டர் உயரம். அதன் முன் நிற்பவர் தானாகவே சிறுத்துப்போவார். மாளிகையோ சரிவின் மரங்களுக்கிடையே தாழ்வாகப் படர்ந்து கிடக்கிறது. தூண் வரிசை கிடையாது. கான்கிரீட், செங்கல், கண்ணாடி, அவ்வளவுதான்.

நீண்ட முதன்மைக் கட்டடத்திலிருந்து சீப்பின் பற்களைப் போலப் பல சிறகுகள் பிரிகின்றன. பட்டறையின் இரைச்சலும் இசை வகுப்பின் ஒலியும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க இந்த அமைப்பு மிகவும் உதவும். ஒவ்வொரு அறைக்கும் பகல் வெளிச்சமும் மரங்களின் காட்சியும் எளிதில் கிடைக்கும். சிறகுகளின் ஓரச் சுவர்களில் வானம், நிலம், நீர் என்ற பொருள்களில் பெரிய மொசைக் ஓவியங்கள் உள்ளன. எழுத்துப் பலகையைத் தேடாமல், படத்தைப் பார்த்தே சின்னப் பிள்ளையும் வழி அறியலாம். கோளரங்கத்தின் குவிமாடமும் இசை அரங்கும் தனித்தனி உருவில் துருத்தி நிற்பதும் இதற்குத் துணை.

உள்ளே நுழைந்தால் குளிர்காலத் தோட்டம்: கண்ணாடிக் கூரையின் கீழ் வெப்பநாட்டுச் செடிகளும் ஒரு குளமும். டிசம்பரில் மாஸ்கோவில் நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும்; பள்ளி முடிந்து வரும் பிள்ளை இருட்டிலும் பனியிலும்தான் வந்து சேரும். அந்தப் பிள்ளைக்கு முதலில் தென்படுவது அலுவலக மேசையாக இல்லாமல் பச்சை இலைகளாக இருக்கட்டும் என்ற இந்த முடிவு, மாளிகையின் மிகச் சிறந்த முடிவு.

முகப்பின் முன்னே கொடிமரத்துடன் பரந்த அணிவகுப்புத் திடலும் உண்டு. சோவியத் சிறுவர் இயக்கமான பயனியர் அமைப்பின் சடங்குகளுக்கு அது தேவைப்பட்டது; கட்டடத்தின் இயல்பான தளர்வோடு ஒட்டாத ஒரே பகுதியும் அதுவே.

1967-ல் இதன் படைப்பாளிகளுக்கு ருஷ்யக் குடியரசின் அரசுப் பரிசு கிடைத்தது. அதற்குள் கீவ் நகரிலும் மிலெத்ஸ்கி, பில்ஸ்கி வடிவமைத்த பயனியர் மாளிகை 1965-ல் திறக்கப்பட்டிருந்தது. சோவியத் ஒன்றியத்தோடு பயனியர் அமைப்பும் முடிவுக்கு வந்தது. ஆனால் மாஸ்கோ மாளிகையில் வகுப்புகள் நிற்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு சிறுவர் மையமாகவே தொடர்கிறது.